விடை ஒத்துப்போன நாள்

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு நாற்பத்தேழு. இந்தக் கதையின் முதல் கோணல் அதுதான். மற்றவை போகப் போக வரும்.

குருவின் பெயர் இசக்கியம்மாள். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மதுரைக்கு மேற்கே, மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வானியற்பியல் பேராசிரியராக இருந்தார். தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கிற ஆள் இல்லை. கரும்பலகை, சாக்பீஸ், கணினி, இவ்வளவுதான் அவருடைய வானம். மொட்டைமாடியில் நிற்க வைத்து "அது என்ன நட்சத்திரம்?" என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். ஆனால் செத்துப்போன ஒரு நட்சத்திரத்தின் சூடு ஆறுவதற்கு எத்தனை காலம் ஆகும் என்று கேட்டால் ஒரே வரியில் பதில் எழுதிக் காட்டுவார்.

அந்த ஒரு வரியை அவர் இருபத்தேழு வயதில் கண்டுபிடித்தார். 'இசக்கி வாய்ப்பாடு' என்று உலகம் அதற்குப் பெயர் வைத்தது. இசக்கி என்பவர் ஜப்பான்காரர் என்று வெளிநாட்டில் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் போய்த் திருத்தவில்லை.

சீடரின் பெயர் பொன்னுரங்கம். அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். யாரோ கண்டுபிடித்ததை யாருக்கோ சொல்லிக் கொடுத்தே தலை நரைத்தவர். ஒருநாள் வகுப்பில் இசக்கி வாய்ப்பாட்டைப் பலகையில் எழுதினார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "இது எப்படி சார் வந்துச்சு?" என்று கேட்டாள்.

"சிலபஸ்ல இல்லம்மா" என்றார்.

சொன்ன பிறகு அவருக்கே கூசியது. அந்தக் கூச்சம் நாள்பட்டும் போகவில்லை. கடைசியில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, முனைவர் பட்டத்துக்கு என்று இசக்கியம்மாளிடமே வந்து சேர்ந்தார்.

"பொண்ணு காலேஜுக்குப் போறா. அவங்கப்பாவும் காலேஜுக்குப் போறாரு. நான் யாருக்குன்னு டிபன் கட்டுறது?" என்றார் மனைவி சுலோச்சனா. கேலி செய்தாரே தவிரத் தடுக்கவில்லை.

சீடர் குருவை மேடம் என்றார். குரு சீடரைச் சார் என்றார். அப்படி நடந்த குருகுலம் வேறு எங்காவது இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

பொன்னுரங்கத்துக்குக் கிடைத்த வேலை இது. இசக்கி வாய்ப்பாடு கையால் போட்ட கணக்கு. அதன் முதல் வரி, 'நட்சத்திரத்தின் மேல்தோடு மெல்லியது என்று கொள்வோம்' என்று தொடங்கும். இந்தத் துறைக்காரர்கள் பாதி வாழ்க்கையைக் 'கொள்வோம்' என்றே ஓட்டிவிடுவார்கள். பொன்னுரங்கம் எதையும் கொள்ளாமல், முழு நட்சத்திரத்தையும் அடுக்கடுக்காகக் கணினியில் கட்டி, அது ஆறுவதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வாய்ப்பாடு சிவப்புக் கோடு. கணினியின் விடை நீலக் கோடு. இரண்டும் சேருகிறதா என்பதுதான் கேள்வி.

முதல் தடவை ஓட்டியபோது நட்சத்திரம் பிறப்பதற்கு முன்பே ஆறிப்போயிருந்தது. ஒரு தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தினார். அடுத்த தடவை அது ஆறவே மாட்டேன் என்று மேலும் மேலும் கொதித்தது. இன்னொரு தப்பு. மூன்றாவதைத் திருத்தியதும் நீலக் கோடு சிவப்பின் பக்கம் வந்தது. நான்காவதைத் திருத்தியதும் அதன் மேலேயே போய்ப் படுத்துக்கொண்டது.

பொன்னுரங்கம் வராந்தாவில் வந்து கத்தினார். வயதை மறந்து கத்தினார்.

இசக்கியம்மாளின் ஆய்வுக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. விடை ஒத்துப்போனால், கணக்குப் போட்டவர் எல்லோருக்கும் வடை வாங்க வேண்டும். வாசலுக்கு எதிர்த்த டீக்கடையிலிருந்து உளுந்த வடை வந்தது. இசக்கியம்மாள் இரண்டு தின்றுவிட்டு, எண்ணெய் விரலாலேயே திரையைத் தொட்டுக் காட்டி, "நல்லா வந்திருக்கு சார்" என்றார். அந்த விரல் ரேகையைப் பொன்னுரங்கம் பல நாள் துடைக்கவில்லை.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஆய்வேடு எழுதி முடிந்தது. பெங்களூரில் நடக்கவிருந்த பெரிய மாநாட்டில் இசக்கியம்மாள் பேசுவதாக ஏற்பாடு. கடைசிப் படமாக இந்த இரண்டு கோடுகளையும் காட்டப்போவதாகச் சொல்லியிருந்தார். பொன்னுரங்கத்தின் விடுப்பு ஜூனில் முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் கல்லூரிக்கு டாக்டர் பொன்னுரங்கமாகத் திரும்பலாம். இல்லையென்றால் போன மாதிரியே திரும்ப வேண்டும்.

ஆய்வேட்டின் பின்னிணைப்பில் புரோகிராமையும் சேர்ப்பது முறை. அதற்காக ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் விளக்கம் எழுதிக்கொண்டே வந்தார். மேல்தோட்டில் வெப்பம் கசியும் இடத்துக்கு வந்தார். வெப்பநிலையை மூன்று முறை பெருக்கிய கனம் வரவேண்டிய இடத்தில், இரண்டு முறை பெருக்கிய வர்க்கம் இருந்தது. ஐந்தாவது தப்பு.

கை தானாக அதைத் திருத்தியது. புரோகிராமை ஓட்டினார்.

நீலக் கோடு எழுந்து, சிவப்பை விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டது.

பொன்னுரங்கம் கணினியை மூடிவிட்டுச் சாப்பிடப் போனார். பாதியில் எழுந்து வந்தார். வீட்டுக்குப் போன் போட்டார்.

"அந்த வரிய யாராச்சும் படிப்பாங்களா?" என்று கேட்டார் சுலோச்சனா.

"ஒருத்தரும் படிக்க மாட்டாங்க."

"அப்புறம் என்ன?"

"நான் படிச்சுட்டேனே."

"அப்பச் சரி, உங்க மேடத்துக்கிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றார் சுலோச்சனா.

பொன்னுரங்கம் போனார். போனவருக்கு நேராகச் சொல்ல வாய் வரவில்லை.

"மேடம், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க சார்."

"புரோகிராம்ல தப்புத் தேடுறத எப்ப நிறுத்தணும்?"

இசக்கியம்மாள் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"நீங்க எப்ப நிறுத்துனீங்க?"

"நாலாவது தப்பத் திருத்துனதும்."

"ஏன் அப்ப?"

"விடை ஒத்துப்போச்சு."

"எதோட?"

பொன்னுரங்கம் கணினியைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

இசக்கியம்மாள் அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தார். சாதாரணமாக அவர் பேச்சில் ஊர் தெரியாது. கோபமோ சந்தோஷமோ மிஞ்சினால் மட்டும் திருநெல்வேலி எட்டிப் பார்க்கும்.

"இதுல இன்னொரு தப்பு இருக்கு. இல்லாம இப்படி வராது. நான் சொல்லுதேன், போய்த் தேடுங்க. கோடு மேல ஏறுத வரைக்கும் தேடுங்க."

"சரிங்க மேடம்."

வெளியே வந்த பொன்னுரங்கத்துக்கு நிம்மதியாக இருந்தது. உள்ளதைச் சொல்லியாயிற்று, மேடமும் வழி சொல்லிவிட்டார். இன்னும் ஒரு தப்பைக் கண்டுபிடித்தால் எல்லோருக்கும் நல்லது. அன்று முழுக்க அவர் மிகுந்த அக்கறையோடு, நீலக் கோட்டை மேலே ஏற்றக்கூடிய தப்புகளாகப் பார்த்துப் பார்த்துத் தேடினார்.

மறுநாள் காலையில் அவருடைய நாற்காலியில் இசக்கியம்மாள் உட்கார்ந்திருந்தார். மாணவர்களின் அறைக்கு அவர் வருவதே இல்லை. முகம் தூங்காத முகமாக இருந்தது.

"நேத்து நான் என்ன சொன்னேன் சார்?"

"கோடு மேல ஏறுற வரைக்கும் தேடச் சொன்னீங்க."

"அது தப்புன்னு உங்களுக்குத் தோணலையா?"

"நீங்க சொன்னீங்களே மேடம்."

"உங்கள விட ஆறு வயசு சின்னவ நான். ஒரு வார்த்த திருப்பிக் கேட்டிருக்கலாம்."

"வயசுல என்ன மேடம் இருக்கு."

"பதவியிலயும் ஒண்ணும் இல்ல" என்றார் இசக்கியம்மாள். "நேத்து பேசினது நான் இல்ல சார், வாய்ப்பாடு. பதினாலு வருஷமா என் பேரோட சுத்துது. அதுக்கு ஒண்ணுன்னதும் எனக்குப் பதறிடுச்சு."

பிறகு கணினியைத் தன் பக்கம் இழுத்து, புரோகிராமின் கடைசியில் ஒரே ஒரு வரி எழுதினார்.

"இது என்ன செய்யும் மேடம்?"

"வர்ற விடைய ஏதோ ஒரு எண்ணால பெருக்கிக் காட்டும். ஒவ்வொரு தடவ ஓட்டும்போதும் வேற எண். எந்த எண்ணுன்னு வெளியில சொல்லாது."

"அப்ப ஒரு தப்பத் திருத்தினா, விடை வாய்ப்பாட்டுப் பக்கம் வருதா, தள்ளிப் போகுதான்னு..."

"தெரியாது."

"உங்களுக்கு?"

"எனக்குத்தான் முக்கியமாத் தெரியக் கூடாது. என் பேரு அதுல இருக்குல்லா."

பொன்னுரங்கம் அந்த வரியைப் பார்த்தார். பூட்டு ஒன்றும் இல்லை. வேண்டாம் என்றால் ஒரே தட்டில் அழித்துவிடலாம். அதை அவர் சொல்லவும் செய்தார்.

"ஆமா, அழிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டு இசக்கியம்மாள் எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் பொன்னுரங்கத்துக்குப் பிடிக்கவே இல்லை. முன்பு ஒவ்வொரு தப்பையும் திருத்தியவுடன் கோடு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பார். சிவப்பின் பக்கம் வந்தால், 'சரி, பிடித்துவிட்டோம்' என்று மனசு சொல்லும். தள்ளிப் போனால், 'இது இல்லை' என்று திருத்தியதையே சந்தேகப்படுவார். இப்போது மனசு சாய்ந்துகொள்ள ஒரு சுவரும் இல்லை. எதைத் திருத்தினாலும் திரையில் ஏதோ ஓர் எண் வந்தது. அது நல்லதா கெட்டதா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஆய்வேட்டை நிறுத்தி வைக்கச் சொல்லி அவரே எழுதிக் கொடுத்தார். கூட இருந்த மாணவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். "பட்டத்த வாங்கிக்கிட்டு அப்புறம் தேடுங்களேன் சார்" என்றான் ஒருவன். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் பொன்னுரங்கத்துக்குக் கஷ்டமாக இருந்தது.

பெங்களூருக்குப் போன இசக்கியம்மாள் கடைசிப் படத்தைக் காட்டவில்லை. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "உங்கள் மாணவர் கணினியில் சரிபார்த்துவிட்டதாகக் கேள்விப்பட்டோமே" என்று கேட்டாராம். "இல்லை, அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாராம். கூடப் போன மாணவி வந்து சொன்னாள். கேட்டவுடன் பொன்னுரங்கத்துக்கு அந்த அம்மாள் மேல் பாசம் பொங்கியது. கூடவே, இத்தனை பேர் முன்னால் அவரை இப்படி நிறுத்திவிட்டோமே என்று வருத்தமும் வந்தது.

ஜூன் வந்தது. பொன்னுரங்கம் மறுபடியும் குருவின் அறைக்குப் போனார்.

"மேடம், அன்னைக்குக் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

"என்ன கேட்டீங்க?"

"எப்ப நிறுத்தணும்னு கேட்டேன். இப்ப விடையும் தெரியல. எத வச்சு நிறுத்துறது?"

இசக்கியம்மாள் சாக்பீஸை எடுத்து அவர் கையில் கொடுத்தார். தான் போய்ச் சுவரோரமாகக் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"க்ளாஸ் எடுங்க."

"யாருக்கு மேடம்?"

"எனக்குத்தான். நான் அருப்புக்கோட்டை செகண்ட் இயர். உங்க புரோகிராம முதல் வரியிலேருந்து எனக்குச் சொல்லிக் குடுங்க."

பொன்னுரங்கம் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். எதிரில் இருந்தவர் சிரிக்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். பலகையில் கை பட்டதும் பழைய குரல் வந்துவிட்டது. ஒரு வரி, இன்னொரு வரி. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"நில்லுங்க சார். இந்த இடத்துல வேகமாப் போனீங்க."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் மேடம்."

"எனக்குத் தெரியாது. இது எப்படி சார் வந்துச்சு?"

கடைசி பெஞ்சுப் பெண்ணைப் பற்றிப் பொன்னுரங்கம் யாரிடமும் சொன்னதில்லை. ஆனாலும் அதே கேள்வி, அதே வார்த்தை. சாக்பீஸ் கையிலேயே நின்றது. அந்த வரி எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. ஏதோ ஒரு பழைய புத்தகத்திலிருந்து எடுத்து எழுதியது. போய்ப் பார்த்தார். புத்தகம் ஓர் அலகில் பேசியது, புரோகிராம் வேறோர் அலகில் பேசிக்கொண்டிருந்தது. ஆறாவது தப்பு.

திருத்தினார். திரையில் ஏதோ ஓர் எண் வந்தது. இந்தத் தடவை அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

தினமும் வகுப்பு நடந்தது. குரல் எங்கே வேகம் எடுக்கிறது, எங்கே தணிகிறது, எங்கே கண் பலகையை விட்டு ஜன்னலுக்குப் போகிறது என்று இசக்கியம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கேயெல்லாம் நிறுத்தினார். நிறுத்திய இடங்களில் பாதி சரியாகவே இருந்தன. மற்றதில் சின்னதும் பெரியதுமாக ஏதாவது இருந்தது. இப்படிப் போனால் ஜூனுக்குள் முடியாது என்று இருவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசவில்லை.

விடுப்பின் கடைசி நாள். பெட்டி கட்டியாகிவிட்டது. பொன்னுரங்கம் கணினியின் முன்னால் உட்கார்ந்தார். புரோகிராமின் கடைசிக்குப் போனார். மேடம் எழுதிய அந்த ஒரு வரி இருந்தது.

ஊருக்குப் போகிறோம். தெரிந்துகொண்டாவது போகலாமே. ஒரு தடவை எடுத்துவிட்டுப் பார்ப்போம், பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது. வரியைத் தேர்ந்தெடுத்தார். அது திரையில் நீலமாக மாறி, அழிப்பதற்குத் தயாராக நின்றது.

விரல் பொத்தான் மேலேயே இருந்தது. ஒத்திருந்தால் தேடுவதை இன்றே நிறுத்திவிடுவோம், ஒத்திராவிட்டால் ஒத்துவரும் வரைக்கும் தேடுவோம். இரண்டில் எது நடந்தாலும் இத்தனை நாள் எடுத்த வகுப்பு வீண். அவருக்குத் தன்னைப் பற்றி அது நன்றாகத் தெரிந்திருந்தது. பெரிய மனசு என்று சொல்ல முடியாது. தன் மேல் வந்த பயம்தான். விரலை எடுத்துக்கொண்டார்.

விடைபெறப் போனபோது இசக்கியம்மாள் எழுந்து நின்றார்.

"போயிட்டு வரேன் மேடம். முடிக்க முடியல."

"அருப்புக்கோட்டையிலேருந்து சனிக்கிழம பஸ் இருக்குல்லா?"

"இருக்கு மேடம்."

"அப்ப வாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் சட்டென்று பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுத ஒன்றும் இல்லாத பலகை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊர் தாண்டியதும் பொன்னுரங்கத்துக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார். கல்லூரியில் பழைய நாற்காலி, பழைய வகுப்பு. "வாங்க டாக்டர்" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டார். வீட்டில் சுலோச்சனா மட்டும் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் பையை எடுத்து வைத்தார்.

ஆடியில் போனார், ஆவணியில் போனார். சனிக்கிழமைகளில் அந்த நிலையத்தில் காவலாளியையும் இவர்கள் இருவரையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். குரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, சீடர் பலகையில் நின்றார். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, வெளியே நல்ல மழை. பொன்னுரங்கம் முதல் வரியில் ஆரம்பித்துக் கடைசி வரிக்கு வந்து சேர்ந்தார். இசக்கியம்மாள் ஓர் இடத்திலும் நிறுத்தவில்லை.

"முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுது மேடம்."

"அவசரப்பட்டுச் சொல்லுறீங்களா?"

பொன்னுரங்கம் யோசித்துப் பார்த்தார். "இல்ல மேடம். இனிமே எனக்குத் தேட இடம் இல்ல. எந்த வரிய யாரு கேட்டாலும் சொல்லுவேன்."

"அப்ப அடுத்த வாரம் அந்த வரிய எடுத்துப் பாத்துருவோம்."

"இப்பவே பாக்கலாமே மேடம்."

"ஒரு வாரம் இருக்கட்டும். வீட்டுல இருக்கும்போது ஏதாவது ஞாபகம் வந்தா வந்து சொல்லுங்க."

அந்த ஒரு வாரம் பொன்னுரங்கம் சாப்பிடும்போதும் வகுப்பு எடுக்கும்போதும் புரோகிராமை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஒத்துப்போயிருக்க வேண்டும் என்று மட்டும் ஆசையாக இருந்தது. தனக்காக இல்லை. அந்த அம்மாளுக்காக.

அடுத்த சனிக்கிழமை அறைக்குள் நுழைந்ததும் எண்ணெய் வாசம் அடித்தது. மேசை மேல், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"என்ன மேடம் இது?"

"வடை."

"விடையே இன்னும் வரலையே. ஒத்துப்போனாத்தானே நான் வாங்கணும்?"

"இன்னைக்கு நான் வாங்கியிருக்கேன்."

"ஒத்துப்போகலைன்னா?"

"அதுக்குத்தான் முன்னாடியே வாங்கினேன்" என்றார் இசக்கியம்மாள். "உக்காருங்க."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"வரிய நீங்க எடுக்கிறீங்களா மேடம்?"

"நீங்க தேடினது. நீங்களே எடுங்க."

பொன்னுரங்கம் அந்த வரியை அழித்தார். புரோகிராமை ஓட்டினார். நட்சத்திரம் ஓர் ஊர் அளவுதான் இருக்கும், சூரியனை விடக் கனம். அது அடுக்கடுக்காக ஆறி முடிய, அந்தப் பழைய கணினிக்கு நல்ல நேரம் பிடித்தது. வடையை இருவரும் தொடவில்லை.

முதலில் சிவப்புக் கோடு வந்தது. பிறகு நீலக் கோடு புள்ளி புள்ளியாக வந்தது.

கொஞ்ச தூரம் இரண்டும் சேர்ந்தே போயின. மேல்தோடு தன் வேலையைக் காட்டத் தொடங்கிய இடத்தில் நீலம் பிரிந்தது. பிரிந்த கோடு இறங்கிக்கொண்டே போனது. இசக்கி வாய்ப்பாடு சொன்ன காலத்தில் பாதிகூட ஆகவில்லை, அதற்குள் நட்சத்திரம் ஆறிவிட்டது.

அன்று மழை இல்லை. வெளியே காவலாளி யாரிடமோ போனில் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

பொன்னுரங்கத்தால் பக்கத்தில் திரும்பிப் பார்க்க முடியவில்லை. உலகம் முழுக்கப் பாடப் புத்தகத்தில் இருக்கிற வரி. அவரே பலகையில் எத்தனையோ தடவை எழுதிய வரி. அதை எழுதியவர் இதோ தன் தோளுக்குப் பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"மேடம்."

இசக்கியம்மாள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"எங்கயோ ஒண்ணு விட்டுப்போச்சு மேடம். எனக்கு இன்னும் ஒரு மாசம் குடுங்க. முதல்லேருந்து தேடிப் பாக்குறேன். கண்டிப்பா ஏதாச்சும் இருக்கும்."

இசக்கியம்மாள் இறங்கிப் போகிற நீலக் கோட்டை விரலால் கடைசி வரை தொட்டுக்கொண்டே போனார். பிறகு பொட்டலத்தைப் பிரித்து, ஒரு வடையை எடுத்து அவர் கையில் வைத்தார். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

"ஒத்து வந்திருந்தா இன்னும் ஒரு மாசம் கேட்டிருப்பியளா, சார்?"

பொன்னுரங்கம் கையிலிருந்த வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.